எல்லைச் சாலை – 12: பாஷை வந்தவர்கள்

ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஆலைகள் பெருகிய கதையைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். ஆலையோடு ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு அவரவர் சாமியும் வழிபாடும் வந்தன. அசோக் லேலண்டுக்கும் டி.வி.எஸ்ஸுக்கும் தென்மாவட்டங்களிலிருந்து பிட்டராகவும் டர்னராகவும் வந்தவர்களில் சிலர், வேலை நிலைத்ததும் வீட்டு வரவேற்பறையிலேயே ஜெபக்கூட்டம் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியதும் மாடியில் தகரக் கொட்டகை எழுந்தது. இன்றும் ஓசூரின் குடியிருப்புகளுக்குள் நடந்தால் இப்படிப்பட்ட சபைகளைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, பெயர்ப்பலகையில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ இருக்கும்.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு வேகமெடுக்கும். கைகள் உயரும். அல்லேலூயா என்ற சொல் மறுபடி மறுபடி வந்து, வேகத்தில் உருண்டு, ஒரு கட்டத்தில் முக்காடிட்ட ஓர் அம்மாவின் வாயிலிருந்து வேறு ஏதோ வரத் தொடங்கும். குறுகிய அசைகள், திறந்த உயிரொலிகள், ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப. கண்கள் மூடியிருக்கும், கன்னத்தில் நீர் வழியும். காய்கறிக் கடைக்காரர்கூட மூன்று மொழியில் பேரம் பேசும் ஊர் இது. அந்த ஒலி தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, கன்னடமும் இல்லை என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். சபையார் அதை ‘அந்நிய பாஷை’ என்பார்கள். ‘அக்காவுக்குப் பாஷை வந்துடுச்சு’ என்று அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு செய்தி போகும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து அந்த அம்மா முகம் துடைத்துக்கொண்டு உட்காருவார். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் கிளம்புவார்.

இதே ஊரிலிருந்து பெங்களூருக்குப் போகும் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு வளாகம் இருக்கிறது. அங்கும் வேறு குரலில் பேசியவர்கள், புரியாத சொல் பேசியவர்கள், ‘நான் இவள் இல்லை’ என்று சொன்னவர்கள் தினமும் வருகிறார்கள். அது நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. அதன் முகவரியே ஓசூர் சாலைதான். ஒரே சாலையின் ஒரு முனையில் வரம் என்று கொண்டாடப்படுவதும் மறுமுனையில் நோய் என்று சோதிக்கப்படுவதும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு இந்தச் சாலையைவிட நீண்ட வரலாறு உண்டு.

தமிழில் இந்த வழக்கு சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. மகள் மெலிகிறாள், உண்ண மறுக்கிறாள், உறங்க மறுக்கிறாள். தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கியிருக்கிறான் என்று குறி சொல்கிறது. முருகனின் பூசாரியான வேலன் வருகிறான், களம் இழைத்து வெறியாடுகிறான். தோழிக்கோ நோயின் காரணம் வேறு என்று தெரியும்: தலைவன்மேல் கொண்ட காதல். நற்றிணைப் பாடல் ஒன்றில், தன்னால் வராத நோய்க்கு வெறியாட்டுக்கு வந்து நிற்கும் முருகனையே தோழி அறியாமை உடையவன் என்று கடிந்துகொள்கிறாள். உடலில் தெரியும் குறி ஒன்று, அதற்குச் சொல்லப்படும் காரணம் இரண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறிஞ்சிப் புலவர்கள் இந்தச் சிக்கலை இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருந்தார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மகாபாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் இதன் இன்றைய வடிவத்தைக் காணலாம். படுகளத்தன்று துரியோதனன் மண்ணுருவத்தைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும்போது, வேடம் கட்டியவருக்கும் கூட்டத்தில் நிற்பவருக்கும் அருள் வரும். பிடித்து நிறுத்த ஆள் உண்டு, திருநீறு பூச ஆள் உண்டு, மலையேறச் சொல்லி வழியனுப்ப முறையும் உண்டு. சாமி வருவதற்கு மட்டுமல்ல, போவதற்கும் ஊரிடம் வழி இருக்கிறது.

கிறிஸ்தவ அந்நிய பாஷை தமிழ்நாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று பலர் நினைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் 1906 ஏப்ரலில் எழுந்த எழுப்புதலைத்தான் உலகப் பெந்தெகொஸ்தே வரலாறுகள் பெரும்பாலும் தொடக்கப் புள்ளியாக வைக்கின்றன. அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் தமிழ் விவசாயிகளும் பெண்களும் அந்நிய பாஷையில் பேசியதாக எழுத்துப் பதிவு இருக்கிறது. தமிழ் வாசகர்கள் இந்தச் செய்தியை அறியாமலிருப்பது பெரிய குறை.

அந்த ஊரை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிச் சீமைக்காரர். ஜெர்மன் மிஷனரி ரேனியஸின் நிழலில் படித்தவர். பிறகு ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்தார். பல் மருத்துவத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர் குரோவ்ஸ். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் ஊழியம் செய்ய வேண்டும் என்ற கொள்கையோடு இந்தியா வந்தவர். அருளப்பன் அந்தக் கொள்கையைத் தமிழ் மண்ணில் நட்டார். வெள்ளைக்கார மிஷன் சம்பளம் தர முன்வந்தும் மறுத்தார். ஊர் மக்கள் உழுது உண்டார்கள். உபதேசிமார் நடந்தே ஊர் ஊராகப் போனார்கள்.

1860ஆம் ஆண்டின் முற்பகுதியில் அங்கே எழுப்புதல் தொடங்கியது. அருளப்பனின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் உள்ள விவரணை வியப்பூட்டும் அளவுக்கு நேரடியானது. மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நடுங்கினார்கள், நிலத்தில் விழுந்தார்கள். பாவத்தைச் சொல்லிப் புலம்பினார்கள். பெண்கள் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். சிலர் அறியாத மொழியில் கடவுளைத் துதித்தார்கள், அதற்கு விளக்கமும் சொல்லப்பட்டது. அருளப்பன் இதை அதிசயமாக ஊதிப் பெருக்கவில்லை. பொழுது விடிந்ததையும் மழை பெய்ததையும் எழுதும் அதே குரலில் எழுதிப்போகிறார். அவர் எழுத்தின் நம்பகத்துக்கு அதுவே முதல் சான்று.

ஆங்கிலேய மிஷனரிகளுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. அவர்கள் அறிந்த ஆராதனையில் மக்கள் வரிசையாக உட்கார்ந்து அமைதியாகப் பிரசங்கம் கேட்பார்கள். வடதிருநெல்வேலியில் இருந்த சர்ச் மிஷனரி சங்கத்தினர் நேரில் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார்கள். அவற்றில் வியப்பும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. இவ்வளவு ஆட்டமும் அலறலும் பழைய பேயாட்டத்தின் மிச்சமோ என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. திருநெல்வேலியின் பனங்காட்டு ஊர்களில் கணியான் கூத்தும் கொடையும் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் பழைய ஆட்டத்தின் உடல்மொழி புதிய பக்திக்குள் வந்ததாலேயே பக்தி பொய்யாகிவிடாது. எந்த மக்களும் தங்களுக்குத் தெரிந்த உடலோடுதான் கடவுள் முன் நிற்கிறார்கள்.

1873 முதல் 1875 வரை எழுப்புதல் திருவாங்கூரில் பரவியது. அங்கே யுஸ்துஸ் ஜோசப் என்ற அறிஞர் தலைமையில் ஒரு கூட்டம் கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று அறிவித்துக் காத்திருந்தது. ஆண்டு வந்தது, போனது. தீர்க்கதரிசன வாக்கின் ஆபத்துக்கு அது ஓர் எச்சரிக்கையாகவே சபை வரலாற்றில் நிற்கிறது.

நம் பகுதிக்கு வருவோம். 1895இல் கிருஷ்ணகிரியில் ஒரு லுத்தரன் மிஷன் தொடங்கியது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்துவந்து, அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பிய மிஷனரிகள் அவர்கள். கிருஷ்ணகிரியில் தியோடர் நேதரும் ஆம்பூரில் மோனும் தங்கிப் பணி செய்தார்கள். லைப்சிக்கோடு அவர்களுக்கு ஏற்பட்ட சண்டை, வேதாகமத்தின் சொற்கள் முழுவதும் கடவுளால் அருளப்பட்டவையா என்பது பற்றியது. எழுதப்பட்ட வார்த்தைக்காக வேலையை விட்டவர்கள், எழுத முடியாத பாஷைக்கு இடம் கொடுப்பார்களா? இந்த வட்டாரத்தின் பழைய சீர்திருத்தச் சபைகளில் ஆராதனை இன்றும் அமைதியாக நடப்பதற்கு அந்த மரபும் ஒரு காரணம். மத்திகிரியிலும் மற்ற இடங்களிலும் வேரூன்றிய கத்தோலிக்கத்தில் நவநாளும் தேர்ப்பவனியும் உண்டு. அந்நிய பாஷை அங்கே கரிஸ்மாடிக் இயக்கத்தின் வழியாகப் பிற்காலத்தில்தான் நுழைந்தது.

வடக்கே 1905இல் புனே அருகே கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் எழுந்தது. அங்கிருந்தவர்களில் மிகப் பலர் பஞ்சத்திலிருந்தும் இளம் விதவைக் கொடுமையிலிருந்தும் மீட்கப்பட்ட பெண்கள். அடுத்த ஆண்டில் அவர்களில் சிலர் அந்நிய பாஷை பேசினார்கள். ஆங்கிலம் தெரியாத பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் ஜெபித்ததைக் கேட்டதாக ரமாபாயே எழுதினார். சமஸ்கிருதப் பண்டிதையான அவர் அந்த வரத்தை மதித்தார், ஆனால் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை.

அதே காலத்தில் அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃப்ரட் கார் தம்பதி, தங்களுக்கு வங்காளம் போன்ற இந்திய மொழிகள் அருளப்பட்டுவிட்டன என்று நம்பிக் கப்பலேறினார்கள். 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் பேசிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. பலர் அப்போதே ஊர் திரும்பியிருப்பார்கள். கார் திரும்பவில்லை. அந்நிய பாஷை ஊழியத்துக்கான மொழிப்பயிற்சி அல்ல, ஆவியின் அடையாளம் என்று தன் புரிதலை மாற்றிக்கொண்டார். இன்றைய பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அந்தப் புரிதலில்தான் நிற்கின்றன.

தமிழர்களிடையே இதை வேகமாகப் பரப்பியவற்றுள் முக்கியமானது இலங்கையில் 1920களில் எழுந்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்திலிருந்து சிறுவனாக இலங்கை போன ராமன்குட்டி என்ற பாஸ்டர் பால் அதன் நிறுவனர். இன்று ‘தி பெந்தெகொஸ்தே மிஷன்’ என்ற பெயரில் சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. வெள்ளை உடை, திருமணம் செய்துகொள்ளாத ஊழியர்கள், மருந்தை மறுத்து ஜெபத்தை மட்டும் நம்பும் தெய்வீக சுகம் என்பவை அதன் அடையாளங்கள். வரமும் மருத்துவமும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். சளி காய்ச்சலில் அந்த மோதல் பெரிதாகத் தெரியாது. மூளை நோயில் அது உயிர்ப் பிரச்சினை.

இப்போது ஓசூர் சாலையின் மறுமுனை. பெங்களூரில் 1847இல் ஒரு மனநோய்க் காப்பகம் தொடங்கப்பட்டது. 1925இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் பெற்றது. 1930களின் பிற்பகுதியில் ஓசூர் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அதே வளாகத்தில் அமைந்தது. 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்கு அது வேற்று மாநில மருத்துவமனையாகத் தோன்றுவதேயில்லை. அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, நேராகப் பஸ்ஸில் போய் இறங்குகிறார்கள்.

அங்கே வரிசையில் நிற்கும் குடும்பங்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே பாதையில் போகும். முதலில் காத்து கருப்பு என்று நினைத்தோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். தர்காவில் ஓதினோம். ஜெபத்துக்கு அழைத்துப் போனோம். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக் குறி சொன்னார்கள். அப்புறம்தான் இங்கே வந்தோம். கையில் கறுப்புக் கயிறு, இடுப்பில் தாயத்து, பையில் ஜெப எண்ணெய்ப் பாட்டில், எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும். நல்ல மருத்துவர் அதில் எதையும் கழற்றச் சொல்ல மாட்டார். கேள்விகள்தான் கேட்பார். எப்போது தொடங்கியது? காய்ச்சல் இருந்ததா? வலிப்பு வந்ததா? பேசுவது நினைவிருக்கிறதா? கூட்டத்தில் மட்டும் வருகிறதா, தனியாக இருக்கும்போதும் வருகிறதா? நிறுத்த முடிகிறதா?

இந்தக் கேள்விகளின் பின்னே பெரிய மருத்துவ அறிவு இருக்கிறது. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர், மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி கெட்டால் பேச்சு சரளமாக ஓடும், பொருள் மட்டும் இருக்காது என்று காட்டினார். பக்கவாதத்தில் அந்த இடம் பாதிக்கப்பட்ட பெரியவர் கை கால் நன்றாக இயங்கும்போதே திடீரென்று இல்லாத சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கலாம். வீட்டார் பேய் என்று நினைப்பார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். பூசாரியைத் தேடிப் போகும் நேரத்தில் அது கரைந்துவிடும். இன்னொன்று 2007இல் தெளிவாக வரையறுக்கப்பட்ட மூளை அழற்சி நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சில நாட்களில் குணம் மாறும், குழறல் பேச்சு வரும், முகமும் வாயும் கோணும், வலிப்பு வரும். பேய் பிடித்தவள் என்று நூறாண்டுகளுக்கு முன் எவரும் சொல்லியிருப்பார்கள். இன்று சரியான நேரத்தில் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானோர் மீள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முக்காடிட்டு நின்ற அம்மாவின் கதை வேறு. டொரண்டோவின் மொழியியலாளர் வில்லியம் சமரின் பல நாடுகளில் அந்நிய பாஷைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டார். அதில் இலக்கணமோ அகராதியோ கிடைக்கவில்லை. பேசுபவரின் சொந்த மொழிகளின் ஒலிகளே எளிய அசைகளாகச் சேர்ந்து வந்தன. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்: இது நோயல்ல, பேசுபவர்கள் இயல்பான மனிதர்கள். 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு ஐந்து பெண்களின் மூளை இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தது. பக்திப் பாடல் பாடும்போதைவிட அந்நிய பாஷை பேசும்போது நெற்றிப் பக்க மூளையின் செயல்பாடு குறைந்திருந்தது. அந்தப் பகுதிதான் நம் கட்டுப்பாட்டுணர்வோடு தொடர்புடையது. பேச்சு தங்களால் வரவில்லை, தங்கள் வழியாக வந்தது என்று அவர்கள் சொல்வதோடு அந்தப் படம் ஒத்துப்போனது. ஐந்தே பேர் என்பதால் அதற்கு மேல் அதில் ஏற்றிச் சொல்லக் கூடாது. வந்தது யார் என்று படம் சொல்லாது.

நிம்ஹான்ஸின் ஆய்வுக் கோப்புகளிலேயே விசித்திரமான ஒன்று உண்டு. 1974இல் நாக்பூரில் மராத்தி பேசும் முப்பது வயது கடந்த பெண் ஒருவர் திடீரென்று வங்காளத்தில் பேசத் தொடங்கினார். தன் பெயர் வேறு என்றார். பழைய காலத்து வங்கப் பெண்ணைப் போல உடுத்தினார், நவீன சாதனங்களைக் கண்டு திகைத்தார். சில நாட்களோ வாரங்களோ இப்படி இருந்து பழைய நிலைக்குத் திரும்புவார். நிம்ஹான்ஸின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயன் ஸ்டீவன்சனும் இதை ஆராய்ந்து, மறுபிறவிக் கோட்பாட்டுக்கு இடம் தரும் நேர்வாக எழுதினார்கள். மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அவருக்கு வங்க இலக்கியத்தில் ஆர்வம் இருந்தது, எழுத்தும் கற்றிருந்தார், கேட்டறியவும் வாய்ப்பு இருந்தது என்று சுட்டினார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் கனமாக இருக்கிறது. ஆனாலும் நாற்பது மைலுக்கு ஒரு மொழி மாறும் நாட்டில், கற்றதாக நமக்கே தெரியாமல் எத்தனை மொழி நம் காதுக்குள் தங்கியிருக்கிறது என்பதை அந்த நேர்வு எண்ணிப் பார்க்க வைக்கிறது.

ஆலைகள் சூழ்ந்த பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் பதிவு மலேசியாவிலிருந்து வருகிறது. மானிடவியலாளர் ஐஹ்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். 1978இல் சுங்கை வேயில் ஓர் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் ஆலையில், நுண்ணோக்கி வழியே சில்லுகளைக் கோக்கும் வேலையில் இருந்த சுமார் 120 பெண்களுக்கு ஆவி பிடித்தது. அலறினார்கள், திமிறினார்கள். ஆலை மூன்று நாள் மூடப்பட்டது. நிர்வாகம் ‘போமோ’ என்ற மந்திரவாதியை அழைத்து ஆடு பலியிட்டது. கிராமத்திலிருந்து வந்து, ஷிஃப்டில் கண் எரிய உழைத்து, கழிப்பறைக்குப் போகக்கூட மேற்பார்வையாளரின் அனுமதிக்கு நின்ற பெண்களுக்குச் சொல்ல முடியாததை ஆவி சொன்னது என்கிறார் ஓங். ஓசூர்–கெலமங்கலம் வட்டாரத்தில் இன்று ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு உள்ளூர் மொழி எதுவும் தெரியாது. அவர்களிடம் எவராவது அவர்கள் மொழியில் நலம் விசாரிக்க வேண்டும். மலேசியப் பாடத்தை இங்கே மறுபடி நடத்திப் பார்க்க வேண்டியதில்லை.

மருத்துவமும் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், ஆவேச நிலை நோயாகக் கொள்ளப்பட வேண்டுமானால் அது விருப்பமின்றி வர வேண்டும், துன்பமோ முடக்கமோ தர வேண்டும், அந்தச் சமூகம் ஏற்ற சமய வழக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் படுகளமும் ஞாயிறு ஆராதனையும் இதனால் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஒழுங்கும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது: இரண்டு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, விளக்கம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் அமைதி.

வழிபாட்டிடம் குணமளிக்குமா? நிம்ஹான்ஸின் ரகுராம் குழு இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கிய பிறகு நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. அமைதியான இடம், சிறு வேலைகள், கூடவே குடும்பத்தார் ஒருவர், விரட்டாத மனிதர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். ஒரே தமிழ்நாட்டில், வழிபாட்டிடம் குணமளிக்கும் என்ற ஒரே நம்பிக்கையின் நிழலில், அடுத்தடுத்துப் பதிவான இரண்டு நிலைகள் இவை. 2017 மனநலச் சட்டம் எவரையும் எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது.

ஓசூர்ப் பக்கம் ஒரு பாஸ்டரோ பூசாரியோ ஹஜ்ரத்தோ இன்று செய்யக்கூடிய பெரிய ஊழியம், காய்ச்சலோடும் வலிப்போடும் வருபவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ஜெபிப்பது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சபையில் பாஷை வருவதும் குறையவில்லை. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. அதன் தலைமை மையம் அதே ஓசூர் சாலை நிம்ஹான்ஸ். எண் 14416. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசலாம்.

(தொடரும்)